மாதாவின் பெட்டியோடு வந்தவை

1

போன கிழமை மன்னார்ப் பேசாலையிலிருந்து என் தங்கை ஜசிந்தா வீடியோவில் வந்தாள். நான் படுக்கையறையில் உடுப்பு மடித்துக்கொண்டே கதைத்தேன். கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்திருந்தபடியால் என் முகத்தைவிடக் கட்டில்தான் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அக்கா, அதென்ன கட்டில் கால் நாலும் சட்டிக்குள்ள நிக்குது? எறும்புக்கோ?"

"ஓம், எறும்புக்குத்தான்" என்றேன்.

"நோர்வேயிலயும் எறும்போ!" என்று அதிசயப்பட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இதே விசயத்தில் பொய் சொல்லித்தான் பெற்ற பிள்ளையைப் போன வருடம் இழக்கப் பார்த்தேன். இன்னும் புத்தி வரவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. திரும்ப அழைத்து, "எறும்பில்லையடி, மூட்டைப்பூச்சி" என்றேன். அவள் ஒரு நிமிடம் விடாமல் சிரித்தாள். அவளிடம் சொன்னது பேசாலைக் கடற்கரை முழுவதும் சொன்னதற்குச் சமம். அவள் வாயால் கை கால் வைத்து வருவதற்கு முன், நடந்ததை நானே எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் துப்புரவு. ஒஸ்லோவில் ஒரு பாடசாலையில் இருபத்திரண்டு வருடமாக வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் துடைக்கிறேன். எதற்கு எந்தத் துணி, எந்தக் கறைக்கு எந்தத் திரவம் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குவதும் நான்தான். என் கணவர் ஜெயசீலன் இளம் வயதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவர். இப்போது பஸ் ஓட்டுகிறார். ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. "மெற்றில்டா வீட்டில நிலத்தில சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு எவ்வளவு விருப்பம் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

2

இங்கே கத்தோலிக்கத் தமிழர்களாகிய எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செபமாலை மாதத்தை ஒட்டி மாதாவின் சொரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும். முன்பு ஒக்டோபரோடு முடிந்தது. வீடுகள் கூடிவிட்டதால் இப்போது செப்டெம்பரில் தொடங்கி நவம்பர் வரை இழுபடுகிறது. ஒரு வீட்டில் ஐந்து நாள். மாலையில் தெரிந்தவர்கள் கூடிச் செபமாலை சொல்வோம். பிறகு கடலை, ரோல்ஸ், தேநீர். ஐந்தாம் நாள் அடுத்த வீட்டார் வந்து பாட்டோடு கூட்டிப்போவார்கள். மாதாவைக் 'கொண்டுபோனார்கள்' என்று எங்களில் யாரும் சொல்வதில்லை.

அந்தச் சொரூபம் பயணம் போவதற்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. தச்சுவேலை தெரிந்த ஒருவர் செய்து கொடுத்தது. உள்ளே நீல வெல்வெட் ஒட்டி, அடியில் மேசைவிரிப்பு, செபப் புத்தகங்கள், எரிந்து குறைந்த மெழுகுதிரிகள் எல்லாம் வைத்திருப்போம். சொரூபம் வரவேற்பறையில் பூக்களுக்கு நடுவே நிற்கும். பெட்டியை எங்கே வைப்பது? அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் ஒரு கம்பிக்கூடு இருக்கிறது. அங்கே குளிர்கால ரயர், பழைய பனிச்சறுக்குக் கட்டை, உடைந்த கதிரை எல்லாம் கிடக்கும். மாதாவின் பெட்டியை அதற்குள் தள்ள யாருக்கு மனம் வரும்? எனவே எல்லா வீட்டிலும் அது கட்டிலுக்குக் கீழேதான் போகும். சுத்தமான இடம், ஆள் மிதிக்காத இடம், மரியாதையான இடம்.

போன செப்டெம்பர் நடுப்பகுதியில் ஹொல்ம்லியாவிலிருக்கும் பிலோமினா அக்கா வீட்டிலிருந்து மாதா எங்களிடம் வந்தார். ஐந்து நாளும் நன்றாக நடந்தது. எங்களிடமிருந்து ஜெனிஃபர் வீட்டுக்குப் போனார். ஜெனிஃபர் தூத்துக்குடிப் பிள்ளை. கணினி வேலைக்கு வந்த கணவனோடு இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஒஸ்லோவுக்கு வந்தவள். அவளுக்கு அதுதான் முதல் தடவை. வாசலிலேயே அழுதுகொண்டு மாதாவை ஏற்றாள்.

அடுத்த கிழமை என் முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்பு, வரிசையாக. இரண்டு நாளில் கழுத்திலும் வந்தது. இவருக்கு, என் கணவருக்கு, ஒன்றுமில்லை. சிலருடைய தோல் கடியைக் காட்டாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. "உமக்கு ஏதோ பவுடர் ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். வைத்தியரும் பார்த்துவிட்டு, வேலையில் புதிதாக ஏதாவது சவர்க்காரம் பாவிக்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு களிம்பு எழுதித் தந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை விரிப்பு மாற்றும்போது மெத்தையின் ஓரத்தில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளைக் கண்டேன். நகத்தால் தையலை விலக்கினேன். மண்ணிறத்தில், உளுந்தளவில் ஒன்று ஓடியது. நசுக்கினேன். அந்த மணம் வந்ததும் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகும் மூக்கு மறக்கவில்லை.

3

நான் மன்னாரில் கன்னியர் மடத்து விடுதியில் படித்தவள். வரிசையாக இரும்புக் கட்டில்கள், தேங்காய்த் தும்பு மெத்தைகள். அங்கே மூட்டைப்பூச்சி எங்களோடு சேர்ந்து படித்தது என்றுதான் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலையில் எல்லாப் பிள்ளைகளும் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடுவோம். சிஸ்டர் கேத்தலோடு வந்து கட்டில் மூட்டுகளில் கொதிதண்ணீர் ஊற்றுவார். யாருடைய கட்டிலில் கூடுதலாகப் பூச்சி என்று எங்களுக்குள் போட்டி. நான் ஒருமுறை வென்றிருக்கிறேன். வெட்கம் என்ற பேச்சே அங்கே இல்லை. எல்லோரையும் கடித்தது, எல்லோரும் சேர்ந்து கொன்றோம்.

குரோருட்டில் நான் முதலில் செய்தது கதவைப் பூட்டியது. பிறகு யன்னல் திரையை இழுத்தேன்.

குடியிருப்பின் நிர்வாகத்துக்குச் சொன்னால் காப்புறுதிப் பணத்தில் பூச்சிகொல்லி ஆட்களை அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். பாடசாலையில் பூச்சி பற்றிய அறிவித்தல்களை நானே ஒட்டியிருக்கிறேன். சொன்னால் எங்கள் படிக்கட்டில் இருக்கும் ஒன்பது வீட்டுக்கும் அறிவித்தல் போகும்: உங்கள் படிக்கட்டில் 'வெக்டீர்' கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இங்கே மூட்டைப்பூச்சிக்கு அதுதான் பெயர். யார் வீடு என்று கடிதத்தில் இராது. ஆனால் அந்த ஒன்பது அழைப்புமணிகளில் ஒரேயொரு நீளமான பெயர் எங்களுடையது. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புன்னகைத்துக்கொண்டே கொஞ்சம் ஒதுங்கி நடப்பார்கள். அதைவிட எங்கள் ஆட்கள். துப்புரவுக்காரி வீட்டில் மூட்டைப்பூச்சி என்றால் எத்தனை வீட்டுத் தேநீருக்கு அது கடலை!

"இஞ்சாரும், ஆருக்கும் சொல்லாமல் நாங்களே பாப்பம்" என்றார் இவர்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சிஸ்டரை நினைத்துக்கொண்டு கட்டில் மூட்டுகளில் கொதிதண்ணீர் ஊற்றினேன். அது இரும்பில்லை, மரத்தூளை ஒட்டிச் செய்த கட்டில் என்பதை யோசிக்கவில்லை. மத்தியானத்துக்குள் பாண் போல ஊதிவிட்டது. பாட்ஸ்பியோர்ட்டில் மெத்தையைப் பனிக்குள் போட்டால் எந்தப் பூச்சியும் சாகும் என்று இவர் மெத்தையைப் பல்கனிக்குத் தூக்கிப் போனார். ஒஸ்லோ செப்டெம்பரில் பனி எங்கே? மழைதான் பெய்தது. இனி குளிர்ப்பெட்டி. மீனையும் நண்டையும் ஒதுக்கிவிட்டு உடுப்புகளைப் பையில் கட்டி உள்ளே அடுக்கினேன். அறக்குளா மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் என் கோயில் சேலை ஒரு கிழமை கிடந்தது. பொதுச் சலவையறையில் நாளுக்கு இரண்டு தரம் நேரம் பதிந்து, கண்டது எல்லாவற்றையும் அறுபது பாகைச் சூட்டில் துவைத்தேன். இவர் கடிக்குப் பயந்து சோபாவில் போய்ப் படுத்தார். நாலாம் நாள் சோபாவிலும் அந்தக் கறுப்புப் புள்ளிகள். ஆளைத் தேடி அவை பின்னால் போயிருக்கின்றன.

4

எங்களுக்கு ஒரே பிள்ளை, றெஜினா. இருபத்தாறு வயது. ட்ரொன்ஹெய்மில் படித்து அங்கேயே பொறியியலாளராக வேலை செய்கிறாள். ஓகஸ்டில் ஒருநாள் தொலைபேசியில், "அம்மா, நானும் எய்ரிக்கும் ஒரு வீட்டிலதான் இருக்கிறம். ஆறு மாசமாச்சு" என்றாள்.

எய்ரிக் நோர்வேஜியப் பெடியன் என்பது தெரியும். ஒரே வீடு என்பது தெரியாது. கலியாணம் இல்லை, கோயில் இல்லை. நான் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். பத்து நாள் கதைக்கவில்லை. அந்தப் பத்து நாளில் வேலையிடத்தில் ஒரே கரும்பலகையை எத்தனை தரம் துடைத்தேனோ தெரியாது. பதினோராம் நாள் இவர் சொன்னார்: "அவள் ஒளிச்சு வைச்சிருக்கலாம். சொன்னவள். அதை யோசியும்." நான் யோசித்தேன். பிறகு அவளுக்குத் தொலைபேசி எடுத்து, "ஒக்டோபரில அவனையும் கூட்டிக்கொண்டு வா, இஞ்சை வந்து நில்லுங்கோ" என்றேன். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று விளங்கியது. "தூசன் தக், மம்மா" என்றாள். ஆயிரம் நன்றி என்று அர்த்தம். மனம் நிறைந்தால் அவளுக்கு அந்த மொழிதான் வரும். மனம் நொந்தாலும் அதுதான்.

அந்த ஒக்டோபர்தான் வந்தது.

வீடு இருந்த நிலையில் அவர்களை எப்படி வரச்சொல்வது? முதல் தடவையாக வருகிற ஒரு பெடியன். அவனுடைய தாய்க்கு அவன் போய் என்ன சொல்வான்? கடித்த கையோடு போவான். பையில் நாலு பூச்சியையும் கொண்டுபோவான். முதல் தடவை, "வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறம், அடுத்த கிழமை வாங்கோ" என்றேன். அடுத்த கிழமை, "அப்பாவுக்குக் கடும் தடிமன். உங்களுக்குத் தொத்திப்போடும்" என்றேன். மூன்றாவது தடவை அவளே கேட்டாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. எய்ரிக் வாறது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. "அப்பிடி ஒண்டும் இல்லை பிள்ளை, இப்ப வசதியில்லை, அவ்வளவுதான்" என்றேன்.

"கிரெய்ட்" என்றாள்.

சரி என்பதுபோல ஒரு சொல் அது. கடையில், பஸ்ஸில், பாடசாலையில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்பேன். என் பிள்ளை அதைச் சொன்ன விதத்தில் ஒரு கதவு மூடியது. அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் வேலையில் நிற்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிடுவாள். நானே அழைத்து, நானே வாசலில் தடுத்தது போல ஆகிவிட்டது. பூச்சி கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு நான் அழுத அழுகையை இவர் பார்த்தார். "சொல்லிப்போடுமப்பா" என்றார். "வீடு சுத்தமாகட்டும், பிறகு சொல்லுறன்" என்றேன். வீடு சுத்தமாகவில்லை.

5

அந்த நாட்களில்தான் ஜெனிஃபர் தொலைபேசி எடுத்தாள். தூத்துக்குடிப் பிள்ளைக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"ஆன்ட்டி, எங்க வீட்ல மூட்டப்பூச்சி வந்துருக்கு. மாதா பெட்டியத் தொறந்து பாத்தேன், வெல்வெட் ஓரத்துல இருக்கு. பெட்டிய அடுத்த வீட்டுக்குக் குடுக்கல, பால்கனில வச்சுட்டேன். மாதாவ மட்டும் துணியில சுத்திக் குடுத்துட்டேன். உங்க வீட்லயும் இருக்கா ஆன்ட்டி?"

ஒரு பழிச்சொல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. காய்ச்சலா என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் என்ன சொன்னேன்?

"இஞ்சையோ? இல்லைப் பிள்ளை. எங்கடை வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை."

"ஓ... சரி ஆன்ட்டி. செக் பண்ணிக்கோங்க" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றேன். பூச்சி மாதாவின் பெட்டியோடுதான் வந்திருக்கவேண்டும் என்று நினைத்து, அதுவரை பிலோமினா அக்காவை மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். தன் வீட்டில் பூச்சி இருப்பது தெரிந்தும் வாய் திறக்காமல், பாட்டுப் படித்து மாதாவை எங்களிடம் அனுப்பிவிட்டாளே என்று. அவளாவது வாய் திறக்கவில்லை; நான் இப்போது வாய் திறந்தே பொய் சொல்லிவிட்டேன். நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை, கேட்க வேறு ஆள் இல்லாமல் என்னைக் கேட்டாள். அவளுடைய வீட்டுக்குப் பூச்சியை அனுப்பியதே என் கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டிதான்.

6

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம் கழிந்து, கதவு தட்டுப்பட்டது. நான் சலவையறையிலிருந்து வந்த உடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். திறந்தால் றெஜினா. அவளுக்குப் பின்னால், இரண்டு பைகளோடும் ஒரு சின்னப் பூங்கொத்தோடும் உயரமாக ஒரு பெடியன். ஏழு மணித்தியாலம் ரெயினில் வந்திருக்கிறார்கள்.

"நேர பாத்துக் கேப்பம் எண்டு வந்தனாங்கள்" என்றாள். முகம் வெளிறியிருந்தது. உள்ளே காலெடுத்து வைக்கப் போனாள்.

"வராதை!" என்றேன்.

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் அப்படியே நின்றாள். நான் இரண்டு கையையும் விரித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைக் கட்டிப்பிடிக்க உடம்பு துடித்தது. ஆனால் என் சட்டையில் என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் ஓர் அடி பின்னால் வைத்தேன். அந்த ஓர் அடியை அவள் பார்த்தாள். அவள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன்.

"கொம், எய்ரிக்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வா என்று அர்த்தம். இரண்டு படி இறங்கியும் விட்டாள்.

இன்னும் நாலு படி இறங்கினால் இந்தப் பிள்ளை எனக்கு இல்லை என்று நினைத்தேன். அப்போதுதான் வாய் திறந்தது. அந்தப் பெடியனுக்கும் விளங்கவேண்டும் என்று நோர்வேஜிய மொழியிலேயே சொன்னேன், படிக்கட்டு முழுவதும் கேட்கும்படி:

"வீட்டில் வெக்டீர் இருக்கிறது! ஐந்து கிழமையாக இருக்கிறது! அதுதான் வேண்டாம் என்றேன்! உங்களை இல்லை!"

றெஜினா படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"வெக்டீரோ? அம்மா, பூச்சிக்கோ? நான் எய்ரிக்கின்ரை அம்மாவுக்குக்கூடச் சொல்லிப்போட்டன், என்ரை வீட்டில எங்களை ஏற்கமாட்டினம் எண்டு. ஒரு மாசமா நான் நித்திரை கொள்ளேல்லை."

"நானும்தான் கொள்ளேல்லை. அதுகள் விட்டால்தானே" என்றேன்.

எய்ரிக் பைகளைக் கீழே வைக்கவில்லை. மிகவும் யோசித்து, "அப்படியென்றால் பைகளை இங்கேயே படியில் வைப்பது நல்லது" என்றான். பிறகு பூங்கொத்தைக் கையை நீட்டி, தூரத்திலிருந்தே எனக்குத் தந்தான். "பூவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன்."

பசியோடு வந்தவர்கள். சோறும் நண்டுக்கறியும் இருந்தது. வீட்டுக்குள் விடமுடியாது, சாப்பாடில்லாமல் அனுப்பவும் முடியாது. இவர் ஒரு தட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்றாம் மாடிப் படிகளில் அவர்கள் இருவரும், இரண்டு படி தள்ளி நாங்கள் இருவரும். எய்ரிக்குக் கரண்டி கொடுத்தேன்; அதை ஓரமாக வைத்துவிட்டு றெஜினாவைப் பார்த்துப் பார்த்துக் கையால் தின்றான். நண்டுக்காலை எப்படி உடைப்பது என்று இவர் பல்லைக் காட்டிப் படிப்பித்தார்.

மேல்மாடிக் கிழவி கடைப்பையோடு ஏறி வந்தாள். பதினாறு வருடமாக வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. எங்களைப் பார்த்து, "படியில் விருந்தா?" என்றாள்.

றெஜினா என்னைப் பார்த்தாள். "எங்கள் வீட்டில் வெக்டீர்" என்றேன். இரண்டாவது தடவை சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கிழவி பையைக் கீழே வைத்தாள். "ஐயோ பாவம். என் மகன் பயணம் போய் வந்து எனக்கும் கொண்டுவந்தவன். நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டாயா? இல்லையா? ஏன் இல்லை?" என்று கேட்டு, பூச்சிகொல்லி ஆட்கள் வந்தால் அலுமாரியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளவேண்டும் என்பதுவரை சொன்னாள். வாசனையான சாப்பாடு என்றும் சொன்னாள். அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம்.

7

அன்று பின்னேரமே, படியில் இருந்தபடி, றெஜினா பக்கத்தில் இருக்க, நான் ஜெனிஃபருக்கு எடுத்தேன்.

"பிள்ளை, நான் உமக்குப் பொய் சொன்னனான். எங்கடை வீட்டிலயும் இருக்கு. எங்கடை வீட்டிலிருந்துதான் உங்களிட்டை வந்தது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"தெரியும் ஆன்ட்டி" என்றாள். "நீங்க 'இல்ல'ன்னு சொன்ன வேகத்துலயே தெரிஞ்சிருச்சு. விடுங்க. எனக்குத்தான் யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல. திங்கக்கிழமை பூச்சி மருந்துக்காரங்களுக்குச் சேந்து ஃபோன் பண்ணலாமா?"

பிறகு செபமாலைக் குழுவின் வட்சப்பில் எழுதினேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் றெஜினா என் கையிலிருந்து வாங்கி அனுப்பிவிட்டாள். பதில் வரும்வரை உள்ளே போய் நான் அடுப்பை மூன்று தரம் துடைத்தேன். முதல் வந்தது பிலோமினா அக்காவின் குரல்பதிவு. கோடையில் வந்த விருந்தாளிகளின் பெட்டியோடு தன் வீட்டுக்கு வந்ததென்றும், மாதா வருகிற முறையைத் தள்ளிவைத்தால் காரணம் கேட்பார்கள் என்று பயந்ததென்றும், எங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றும் அழுதார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் இன்னும் இரண்டு வீட்டார் ஓம் என்றார்கள். ஒருவர், தான் கோடை முழுவதும் நுளம்புக் கடி என்று நினைத்திருந்ததாக எழுதினார். றெஜினாவும் எய்ரிக்கும் அன்றிரவு நகரத்தில் ஒரு விடுதியில் தங்கினார்கள்.

பூச்சிகொல்லி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். படிவத்தில் கேள்விகள்: அண்மையில் பயணம் போனீர்களா? பழைய தளபாடம் வாங்கினீர்களா? வெளியாள் யாராவது வந்து தங்கினார்களா? கடைசிக் கேள்விக்கு ஓம் என்றேன்.

"யார்?"

"கன்னி மரியாள். ஐந்து நாள்."

பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொரூபத்தையும் பெட்டியையும் விளங்கப்படுத்தினேன். பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டார். கட்டிலுக்குக் கீழே. மற்ற வீடுகளில்? எல்லா வீட்டிலும் கட்டிலுக்குக் கீழேதான். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை பூச்சிகள் தாங்களாகச் செய்திருக்க முடியாது என்று சொன்னார். சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். படிவத்தில் 'விருந்தாளி, 1' என்று எழுதிக்கொண்டார்.

என் தொழிலில் நான் கற்காத ஒன்றை அவர்தான் சொன்னார். இது அழுக்கில் வருவதில்லை. அழுக்கு வீடும் சுத்தமான வீடும் அதற்கு ஒன்றுதான். ஆள் இருந்தால் போதும். படுக்கையை மாற்றாதே, அறையை விட்டு ஓடாதே, மருந்தடித்தபின் வழமையான இடத்திலேயே படு. ஓடினால் வீடு முழுவதும் பின்னால் வரும் என்றார். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சோபாவைத் தடவினார்.

மூன்று தரம் வந்து மருந்தடித்தார்கள். கட்டில் கால்களுக்குச் சட்டி தந்தார்கள். ஏறுகிற பூச்சி அதற்குள் விழுந்துவிடும். அந்தச் சட்டிகளை நான் இன்னும் எடுக்கவில்லை. மரப்பெட்டியை என்ன செய்வது என்று குழுவில் பெரிய வழக்கு நடந்தது. எரிப்பதற்கு ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் எங்கள் ஆட்களில் மீன்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் பெரிய குளிரறையில் இரண்டு கிழமை வைத்தெடுத்தார். இனி மாதா மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியில்தான் பயணம் போவார். வெங்காயப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று பிலோமினா அக்காவுக்கு இன்னும் குறை.

8

டிசம்பரில் நத்தாருக்கு றெஜினாவும் எய்ரிக்கும் அவனுடைய வீட்டுக்குப் போனார்கள். எங்களுக்கு அப்போது கடைசி மருந்து முடிந்திருக்கவில்லை. பெப்ரவரியில் வீடு சுத்தம் என்று கடிதம் வந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு அவர்கள் வருவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் நிற்பார்கள்.

வருகிற அன்று காலை நான் றெஜினாவின் அறையில் நின்றேன். பாடசாலைக் காலத்துக் கட்டில். ஒருவர் படுக்கலாம். ஓகஸ்டில் நான் மனதில் போட்டு வைத்த திட்டம், அவள் அதில், அவன் சோபாவில் என்பது. அந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டுதான் 'கூட்டிக்கொண்டு வா' என்றே சொன்னேன். அதுவரை மட்டும்தான் அப்போது என்னால் முடிந்தது.

விரிப்பை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன். ஊதிப்போன கட்டிலுக்குப் பதிலாக வாங்கிய புதுக் கட்டில், இருவருக்கானது. மெத்தைத் தையல் நாலு பக்கமும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல வெள்ளை விரிப்பு விரித்து, இரண்டு தலையணைக்கும் உறை மாற்றினேன். இவர் வாசலில் நின்று பார்த்தார்.

"இதென்ன, இஞ்சை ஆர் படுக்கிறது?"

"அவை."

"அவை ரெண்டு பேருமோ?"

"ஒரு வீட்டில ஒண்டாத்தானே இருக்கினம். இஞ்சை வந்து ஏன் நடிக்கோணும்? நான் பிள்ளையின்ரை அறையில படுக்கிறன். நீங்கள் சோபாவில. உங்களுக்குத்தான் சோபா பழக்கம்."

இவர் போய் இன்னொரு போர்வை கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். எனக்கு மனம் முழுவதும் லேசாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கலியாணம் கோயிலில் நடக்கவேண்டும் என்று இன்றைக்கும் செபமாலை சொல்கிறேன். அதை அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். ஒளித்து வைப்பதை மட்டும்தான் விட்டேன்.

வந்தார்கள். றெஜினா பையை வைக்க வழமைபோலத் தன் அறைக்குப் போனாள். அங்கே என் செபப் புத்தகமும் மூக்குக்கண்ணாடியும் இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். எங்கள் அறையை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. அவள் பைகளை உள்ளே கொண்டுபோகும்படி எய்ரிக்கிடம் மெல்லச் சொன்னது கேட்டது.

அடுத்த நாள் விடிய, வெளிச்சம் திரைக்குள்ளால் வந்த நேரம், நான் படுத்திருந்த அறைக் கதவை யாரோ திறந்தார்கள். வெறுங்காலோடு றெஜினா. தலைமயிர் கலைந்து, பத்து வயதில் நின்றதுபோல நின்றாள்.

"என்ன பிள்ளை, ஏதும் கடிச்சதோ?" என்று பதறி எழும்பினேன்.

"இல்லையம்மா. ஒண்டுமில்லை." போர்வையைத் தூக்கினாள். "கொஞ்சம் தள்ளுங்கோ."

ஒருவர் படுக்கிற கட்டில். நான் சுவரோடு ஒட்டித் தள்ளிப் படுத்தேன்.